மனுதாரர் இல்லாத வழக்கு

1

பிள்ளைகளே,

உங்கள் ஆசிரியை என் தங்கச்சி. "வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தா அண்ணா, ஆண்டு மலரில் போடுவோம், பிள்ளைகள் வாசிக்கட்டும்" என்று வருடா வருடம் கேட்பாள். போன மலரில் கனடாவில் இருக்கிற ஒருவர் பனி கொட்டுவதைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கு முந்தியதில் நோர்வேயில் இருந்து ஒரு அக்கா, சூரியன் மறையாத நாட்களைப் பற்றி. அதையெல்லாம் வாசித்துவிட்டு, நான் என்னத்தை எழுதுவது என்று பேசாமல் இருந்துவிட்டேன். என்னுடைய வெளிநாட்டில் பனி இல்லை. இங்கேயும் வேம்பு நிற்கிறது, காகம் கரைகிறது, சனம் சோறுதான் சாப்பிடுகிறது.

உங்கள் கடற்கரையில் நின்றால் இருட்டிய பிறகு எதிர்க்கரையில் வெளிச்சம் தெரியும் அல்லவா? அந்தக் கரையில் இறங்கி, வடக்கே பஸ்ஸில் ஒரு முழு நாள் வந்தால் படப்பை. அங்கேதான் இருக்கிறேன். இந்தப் பக்கம் ஒரகடம், அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர். வழி நெடுக மதில் சுவர்கள், சுவருக்குப் பின்னால் கம்பனிகள். செய்து முடித்த கார்கள் வெயிலில் வரிசையாக நிற்கும், எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை உறை. ஷிப்ட் விடுகிற நேரம் கம்பனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். உள்ளே எல்லோரும் கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரை. முன்பு நெல் விளைந்த இடமெல்லாம் இப்போது கலர்க் கொடி கட்டிய வீட்டு மனைகள். அந்த மனைகளில் எழும்புகிற வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் என் தொழில். என் மனைவி ஒரு கம்பனிக் கன்ரீனில் கொன்ராக்டில் வேலை செய்கிறாள்.

நான் உங்கள் வயதில், யுத்தத்துக்குத் தப்பிப் படகில் வந்தவன். ஏழாம் வகுப்பு முடிக்கவில்லை. அதனால் எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் ஆசிரியை திருத்திவிடுவாள். போன கிழமை ஒரு பாடசாலைச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கப் போயிருந்தேன். அங்கே யன்னல் வழியாக ஒரு வார்த்தை கேட்டது. அது நெஞ்சில் இருந்து இறங்கவில்லை. அதனால்தான் இந்த வருடம் எழுதுகிறேன்.

2

வெளிநாடு போனவர்கள் எல்லோரும் முதலில் பாஷை தெரியாமல் பட்ட பாட்டைத்தான் எழுதுவார்கள். எனக்கு அந்தப் பாடு வேறு மாதிரி. இங்கே எல்லோரும் தமிழ்தான் கதைக்கிறார்கள். அதுதான் கஷ்டம். வேறு பாஷை என்றால் பிழையாகக் கதைத்தாலும் பாவம் என்று விடுவார்கள். ஒரே பாஷை என்றால், வாயைத் திறந்தவுடன் நீ யார் என்று கேட்பார்கள்.

இப்போது இருக்கிற வீட்டுக்கு வாடகை கேட்டுப் போனபோது, வீட்டுக்கார சரோஜா அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனுஷி. சொந்த நிலத்தைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் மாடி கட்டி வாடகைக்கு விடுகிறவர்.

"இன்னா சார், நீங்க பேசறது மலையாளம் மாதிரி கீது?"

"நாகர்கோவில் பக்கம் அம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்குப் பொலிஸில் அகதிப் பதிவு உண்டு, சட்டப்படிதான் முகாமுக்கு வெளியே இருக்கிறோம். ஆனால் முன்பு இருந்த வீட்டில், பதிவு சரிபார்க்க ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். மரியாதையாகத்தான் கதைத்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், போனார். அடுத்த நாள் வீட்டுக்காரர் வந்து, மகளுக்குக் கல்யாணம், வீடு தேவைப்படுகிறது என்றார். அவருக்கு மகள் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்தது. கதவுக்கு உள்ளே எங்கள் தமிழ். செருப்பைப் போட்டால் இந்த ஊர்த் தமிழ். உள்ளே "இஞ்ச வா பிள்ளை" என்றால், படியில் "இங்க வாம்மா". எனக்கு அது சரியாக வராது, அதனால் நான் வெளியில் அதிகம் கதைப்பதில்லை. என் மகளுக்கு இரண்டும் தண்ணீர் மாதிரி வரும்.

சரோஜா அம்மா விடவில்லை. ஒருநாள் மேல் மாடிக்குப் புதிதாக வந்த ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, "உங்க ஊரு ஆளு வந்துகிறாரு, பேசுங்க" என்று எதிரில் நிறுத்திவிட்டார். அவர் உண்மையாகவே நாகர்கோவில். எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம் என்று ஆசையாகக் கேட்டார். நான் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு சரோஜா அம்மாவைப் பார்த்து, "ஆமாக்கா, நம்ம பக்கம்தான்" என்றார். இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் என்னைக் கண்டபோது, தாழ்ந்த குரலில் கேட்டார்: "எந்த முகாம்ல இருந்தீங்க அண்ணே?"

நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு அவர் மேலே ஏறிப் போனார், நான் கீழே இறங்கினேன்.

3

என் மகள் பெயர் தர்சினி. வீட்டில் தர்சி. காஞ்சிபுரம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். உங்கள் ஊர் அவளுக்கு நான் சொன்ன கதை மட்டும்தான். அந்தக் கடலை அவள் இந்தக் கரையில் நின்று ஒருமுறை பார்த்திருக்கிறாள். "திரும்பி வந்துவிடு அண்ணா" என்று, முன்பே ஊர் திரும்பிவிட்ட தங்கச்சி சொல்வாள். நான் வரலாம். தர்சிக்கு அது திரும்பி வருவது இல்லை, முதல்முறை போவது. அரசாங்க மொழியும் அடுத்த வீட்டு ஆட்களும் அவளுக்குத் தெரியாத நாட்டுக்கு.

போன வருடம் அவள் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். அவளுக்கு அரசியல் அறிவியல் எடுத்தவர் மாலதி மிஸ். இங்கே ஆசிரியையை மிஸ் என்பார்கள். அவர் புத்தகத்தைத் திறந்து வாசித்துவிட்டுப் போகிறவர் இல்லை. இந்தியாவின் அரசியலமைப்பை, அதன் நீதிமன்றங்களை, பிள்ளைகள் நடித்துப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பவர். ஒவ்வொரு நவம்பரிலும் அரசியலமைப்பு நாள் வரும்போது வகுப்பில் ஒரு மாதிரி நீதிமன்றம் வைப்பார். அதற்கு அவர் போட்ட விதிகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

வழக்கைப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். எல்லோரும் எழுதியதில் ஒன்றை வகுப்பு கைதூக்கித் தெரிவு செய்யும். எழுதின பிள்ளை எந்தக் கட்சிக்கும் வாதாடக் கூடாது. இரண்டு பக்கமும் யோசித்து எழுதினது அதுதான், அதனால் நடுவில் நீதிபதியாக உட்கார வேண்டும். ஆனால் தன்னுடைய சொந்த வழக்கில் யாரும் நீதிபதியாக உட்காரக் கூடாது. ஒரு வருடம் ஒரு பொடியன் தன் சைக்கிள் களவுபோனதையே வழக்காக எழுதிவிட்டு நீதிபதி நாற்காலியில் ஏறிவிட்டானாம். பாதியில் தெரிந்து மிஸ் அவனை எழுப்பிவிட்டார். கடைசி விதி: தீர்ப்பைப் பெரிய தாளில் எழுதி வகுப்புச் சுவரில் மாட்டுவார்கள். அடுத்தடுத்த வருடப் பிள்ளைகள் அதே மாதிரி வழக்கு வந்தால் அந்தத் தீர்ப்பைப் பின்பற்ற வேண்டும். உண்மையான நீதிமன்றங்கள் அப்படித்தான் நடக்கின்றனவாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வேலை முடிந்து வந்து குழாயடியில் நான் பிரஷ் கழுவும்போது தர்சி தண்ணீர் டிரம்மில் சாய்ந்து நின்று சொல்வாள். கீழ்க் கோர்ட், மாவட்டக் கோர்ட், அதற்கு மேல் உயர் நீதிமன்றம், எல்லாவற்றுக்கும் மேல் உச்ச நீதிமன்றம். கோர்ட் என்றால், பெயர் கூப்பிட்டால் ஓடிப்போய்க் கைகட்டி நிற்கிற இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அரசாங்கம் ஒரு சட்டம் போட்டாலும், அது அரசியலமைப்புக்கு மாறாக இருந்தால் செல்லாது எண்டு கோர்ட் சொல்லலாம் அப்பா."

"சொன்னா அரசாங்கம் கேக்குமோ?"

"கேக்கத்தான் வேணும்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கு என் பழைய வகுப்பு நினைவு வந்தது. ஓலைத் தட்டி வைத்த வகுப்பு. குடியியல் பாடத்தில் "நான் ஒரு நல்ல பிரசை" என்று எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, கொப்பியில் பத்துத் தரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நான் எழுதி வைத்திருந்தேன். அவர் அதைப் பார்ப்பதற்குள் பாடசாலையே இல்லை. நாங்கள் படகில் இருந்தோம்.

தர்சி சட்டம் படிக்க வேண்டும் என்றாள். எனக்குச் சந்தோஷம், பயம், இரண்டும். மறைமலை நகரில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவருக்காகக் கேட்கிற மாதிரி அவரிடம் கேட்டேன். அவர் நல்லபடியாகச் சொன்னார். இடம் கிடைத்தால் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம். ஆனால் வக்கீலாகப் பதிவு செய்து கோர்ட்டில் நிற்க இந்தியக் குடியுரிமை வேண்டும். இங்கே பிறந்தால் போதாதா என்றேன். இப்போதைய சட்டத்தில் தாய் தகப்பனையும் பார்ப்பார்கள் என்றார். நான் ஏணியில் ஏறி மிச்சச் சுவரை அடித்தேன்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. கேட்காததில் இருந்து, அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று விளங்கியது.

4

மாலதி மிஸ்ஸுக்கு நான் பெயின்றர் என்று தெரியும். நாங்கள் யார் என்று தெரியாது. தலைமையாசிரியருக்குத் தெரியும், பள்ளிப் பதிவில் இருக்கிறது. அவர் அதை யாரிடமும் சொல்லாத மனிதர். மிஸ் ஒருநாள் தர்சியிடம் சொல்லி அனுப்பினார்: அரசியலமைப்பின் முகவுரையைப் பள்ளிச் சுவரில் எழுதித் தர முடியுமா என்று. நான் எழுத்துப் பெயின்றர் இல்லை, சுவர் அடிக்கிறவன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மழைக்காலம். நனைந்த சுவரில் பெயின்ற் நிற்காது, அதனால் மழை விட்ட இடைவெளியில்தான் வேலை. நூலில் நீலம் தோய்த்துச் சுவரில் அடித்து வரி போட்டேன். தர்சி கீழே நின்று வாசிக்க வாசிக்க நான் சோக்கால் எழுதி, பிறகு பிரஷால் நிரப்பினேன். "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. அந்த வரியைப் பெரிதாக எழுதச் சொன்னார்கள். பெரிய எழுத்துக்கு இரண்டு கை அடிக்க வேண்டும், அதாவது இரண்டு பூச்சு. முதல் கை காயும் வரை நாங்கள் இருவரும் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நிற்கிறோம், அங்கே எங்கள் தமிழில் கதைக்க முடியாது.

முடித்தபோது மிஸ் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். இந்த ஊரில் சுவரில் எழுதுகிறவர்கள் கீழ் மூலையில் தங்கள் பெயரும் போன் நம்பரும் போடுவார்கள், அடுத்த வேலை கிடைக்கும் என்று. "உங்க பேரு போடலையா சார்?" என்றார். பரவாயில்லை மிஸ் என்றேன்.

5

அந்த வருடம் வகுப்பில் வந்த வழக்குகளைத் தர்சி வீட்டில் சொல்லிச் சிரித்தாள். பரீட்சைக்கு முதல்நாள் கரண்ட் நிறுத்துவது அடிப்படை உரிமை மீறல் என்று ஒருத்தி. கம்பனி லாரி மோதிச் செத்த எருமைக்கு நஷ்டஈடு என்று ஒருத்தன். தான் எழுதியதை மட்டும் அவள் சொல்லவில்லை. கைதூக்கியபோது அவள் எழுதியதுதான் வென்றது. அதன் பிறகு சொன்னாள்.

ஒரு பெண். இங்கேயே பிறந்தவள். தாய் தகப்பன் படகில் வந்தவர்கள். சட்டம் படித்து முடித்துவிட்டு வக்கீலாகப் பதிவு கேட்கிறாள். குடியுரிமை இல்லை என்று மறுக்கிறார்கள். அவள் நீதிமன்றத்துக்கு வருகிறாள்.

"ஏன் பிள்ளை இதை எழுதினனி?" என்று என் மனைவி கேட்டாள்.

"அவையள் என்ன சொல்லுவினம் எண்டு கேக்கோணும் போல இருந்தது அம்மா. என்ர பேர் அதில இல்லை."

எழுதினவள்தான் நீதிபதி என்பது விதி. தன் வழக்கில் தான் உட்காரக் கூடாது என்பதும் விதி. அது தன் வழக்கு என்று சொன்னால் வகுப்புக்கெல்லாம் தெரியும், வகுப்புக்குத் தெரிந்தால் சரோஜா அம்மாவுக்குத் தெரிய எவ்வளவு நேரம்? அவள் மிஸ்ஸிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஷிப்ட் நாள், வந்தவர்கள் குறைவு. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் தர்சியின் சிநேகிதி பவித்ராவின் அம்மா, கம்பனி யூனிபார்மோடு வேலையில் இருந்து நேராக வந்து, உட்கார்ந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மாறுவேடத்துக்கு வாடகைக்கு விடுகிற கடையில் எடுத்த கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு தர்சி மேசைக்குப் பின்னால் வந்து இருந்தாள். எல்லோரும் எழும்பினார்கள். நானும் எழும்பினேன். என் மகளுக்கு நான் எழும்பி நின்றது அன்றைக்குத்தான்.

மனுதாரருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார ஒருவரும் வரவில்லை, வசனம் இல்லாத பாத்திரம். அரசாங்கப் பக்கம் வாதாடினவன் பிரவீன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன், வாய்க்காரன். எழும்பினவுடன் அந்த வெற்று நாற்காலியைக் காட்டினான்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, மனுதாரர் எங்க? இன்னும் போட்டுல வந்துகினு கீறாங்களா?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மிஸ்ஸும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, அவனுக்குத் தெரியாது. தர்சி டஸ்டரால் மேசையில் தட்டினாள். சோக்குத் தூள் எழும்பியது.

"அமைதி. மனுதாரர் வர வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார்."

அவள் பேசியது எங்கள் வீட்டுத் தமிழும் இல்லை, இந்த ஊர்த் தமிழும் இல்லை. புத்தகத் தமிழ். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மனுதாரருக்காக வாதாடினவள் பவித்ரா. சமத்துவம் பற்றிச் சொல்கிற பதினான்காம் பிரிவில், குடிமகன் என்று போடவில்லை, எந்த நபருக்கும் என்றுதான் போட்டிருக்கிறது என்று வாசித்துக் காட்டினாள். உயிரும் சுதந்திரமும் பற்றிய இருபத்தோராம் பிரிவிலும் அப்படித்தான்.

"அவ நபர் இல்லையா? பேயா? பொறந்தது காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி. ஊசி போட்டது இங்க, முட்டை சாப்ட்டது நம்ம சத்துணவுல. எந்த நாட்டுக்கு அனுப்புவீங்க? அந்த நாட்ட அவ பாத்ததே இல்லையே."

முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறேன், எங்களுக்காக ஒருவர் எழும்பி நின்று கதைத்து நான் நேரில் கேட்டது அதுதான் முதல்முறை. அதுவும் ஒரு விளையாட்டுக் கோர்ட்டில்.

பிரவீன் சிரிக்காமல் பதில் சொன்னான். நல்ல பிள்ளை, படித்து வந்திருந்தான். தொழில் செய்கிற உரிமை பத்தொன்பதாம் பிரிவில் வருகிறது, அதில் நபர் என்று இல்லை, குடிமக்கள் என்றுதான் இருக்கிறது என்றான். குடிமக்கள் யார் என்பதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது, அந்தச் சட்டப்படி இந்தப் பெண் குடிமகள் இல்லை என்றான். "எனக்கும் பாவமாத்தான் கீது. ஆனா பாவம்னு தீர்ப்பு எழுத முடியாதுல்ல?"

தீர்ப்பு எழுத மிஸ் கொஞ்ச நேரம் கொடுத்தார். தர்சி குனிந்து எழுதினாள். ஒருமுறை மட்டும் தலை நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அனுமதிப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். பொய்க் கோர்ட், வாடகை அங்கி, யாருக்கு என்ன நட்டம்? ஒரு தாளிலாவது அவளுக்கு நியாயம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு எழும்பி நின்று வாசித்தாள். அந்தத் தாள் வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கிறது, அதனால் எனக்கு அந்த வரிகள் மனப்பாடம்.

"மனுதாரரின் வருத்தத்தை இந்த நீதிமன்றம் உணர்கிறது. சட்டத்தின் முன் அவரும் ஒரு நபர். ஆனால் அவர் கேட்பது குடிமக்களுக்குரிய உரிமை. சட்டத்தில் இல்லாத ஒன்றை இரக்கத்தின் பேரில் கொடுத்தால், நாளை இரக்கம் இல்லாத நீதிபதி சட்டத்தில் இருப்பதையும் பறிப்பார். மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

கைதட்டினார்கள். பவித்ராவின் அம்மா திடுக்கிட்டு விழித்து அவரும் தட்டினார். மாலதி மிஸ் தர்சியின் தோளைப் பிடித்து, கண் கலங்க, "நீ கண்டிப்பா வக்கீலா வருவடி. ஜட்ஜாவே வருவ" என்றார்.

"தேங்க்ஸ் மிஸ்" என்றாள் தர்சி.

6

ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர். எங்களால் கதைக்க முடியவில்லை. வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாகவே அவள் இறங்கிவிட்டாள், நானும் இறங்கினேன். விற்காத மனைகளுக்கு நடுவில் ஒரு மண் ரோட்டில் நடந்தோம். மழையில் எல்லைக் கற்கள் பாதி மூழ்கியிருந்தன. அங்கே ஒருவரும் இல்லை.

"அனுமதிச்சு எழுதியிருக்கலாமே பிள்ளை" என்றேன். "விளையாட்டுத்தானே."

அவள் ஒரு சேற்றுக் குழியைத் தாண்டி நடந்தாள்.

"வேற ஆரின்ரையும் வழக்கெண்டால் அனுமதிச்சிருப்பன் அப்பா. பவித்ரா சொன்னதில நியாயம் இருந்தது. அதை வச்சு எழுதியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரி எழுதேக்கையும், இது சட்டத்துக்காக எழுதிறனோ எனக்காக எழுதிறனோ எண்டு எனக்கே தெரியேல்லை."

"அப்ப எழும்பியிருக்கலாம்."

"எழும்பினால் ஏன் எண்டு சொல்லோணும்."

தன் வழக்கில் தான் உட்காரக் கூடாது என்று ஏன் விதி வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். நேர்மையான ஒரு பிள்ளையை அங்கே உட்கார வைத்தால், தனக்கு வர வேண்டியதையும் அது தானே வெட்டிவிடும்.

தர்சி நல்ல புள்ளிகளோடு பாஸ் பண்ணினாள். சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவில்லை. படித்துவிட்டு வாசலில் நிற்பதற்கு ஏன் அப்பா என்றாள். இப்போது வணிகவியல் படிக்கிறாள், காலையில் கம்பனி பஸ்களுக்கு நடுவில் பஸ் பிடித்துப் போகிறாள். இப்போதெல்லாம் குழாயடியில் நான் பிரஷ் கழுவும்போது அவள் வந்து நிற்பதில்லை. கேட்டால் பதில் சொல்வாள். வீட்டுக்குள்ளேயும் சில வேளை இந்த ஊர்த் தமிழ்தான் வருகிறது. நாங்கள் திருத்துவதில்லை.

7

போன கிழமைக்கு வருகிறேன்.

அடிப்பக்கம் ஈரம் ஏறி, சுவரில் கீழ் வரிகள் பொருக்கு விட்டிருந்தன. அரசியலமைப்பு நாளுக்கு முன் சரிசெய்து தர முடியுமா என்று மாலதி மிஸ் போன் பண்ணினார். போனேன். பொருக்கைச் சுரண்டிவிட்டுப் பட்டி பூசிக்கொண்டிருந்தேன். அந்தச் சுவருக்கு அடுத்ததுதான் வகுப்பு. யன்னல் திறந்திருந்தது. புதிய பிள்ளைகள் இந்த வருட வழக்கைத் தெரிவு செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் பிள்ளையின் குரல். ஒடிசாவில் இருந்தோ வேறெங்கிருந்தோ கம்பனி வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளைப் பற்றி முதலில் ஏதோ கேட்டது. அவர்கள் எந்த மாநிலம் என்றாலும் இந்தியக் குடிமக்கள்தான், அது பிரச்சினை இல்லை என்று மிஸ் விளக்கினார். அப்போ வேறு நாட்டில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள், இங்கேயே பிறந்தால், என்று அந்தப் பிள்ளை கேட்டது. அதையே வழக்காகப் போடலாமா மிஸ் என்றது.

"போடலாம்மா. ஆனா ஏற்கெனவே தீர்ப்பு வந்தாச்சு. அங்க பாரு, சுவத்துல மாட்டிகீது. நம்ம ஸ்கூல்ல எழுதினதுலயே பெஸ்ட் தீர்ப்பு அது. நீங்க அத பாலோ பண்ணணும்."

பிள்ளைகள் அதைச் சத்தமாக வாசித்தார்கள். என் மகளின் வரிகளை, என் மகளைத் தெரியாத பிள்ளைகள், ஒரே குரலில். சட்டத்தில் இல்லாத ஒன்றை இரக்கத்தின் பேரில் கொடுத்தால். மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. நான் பட்டிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் பிள்ளை விடவில்லை.

"அப்புறம் அந்த மனுதாரர் இன்னா ஆனாங்க மிஸ்?"

மிஸ் சிரித்தார். அன்பான சிரிப்புத்தான்.

"அது கற்பனைம்மா. அப்படி ஒரு ஆளே கிடையாது."

வகுப்பு அடுத்த வழக்குக்குப் போய்விட்டது. எனக்குப் பட்டி காய்கிறது, நிற்க நேரம் இல்லை. ஈரம் ஏறாத மேல் வரிகள் அப்படியே இருந்தன. கீழ் வரிகளைப் புத்தகத்தைப் பார்த்து நானே எழுதினேன், இந்த முறை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. முடிக்கும்போது மிஸ் வெளியே வந்து பார்த்தார். சென்ற முறையை விட நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு கீழ் மூலையைக் காட்டி, "இந்தத் தடவையாச்சும் பேரு போடுங்க சார்" என்றார்.

பிரஷில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது. பரவாயில்லை மிஸ் என்று சொல்லிவிட்டு, அதைக் கழுவினேன்.